பழைய காம்பவுண்ட் வில்லுக்குச் செலவு செய்வதா, புதிதாகவே வாங்கிவிடுவதா? (டெல்லி)

பேஸ்3_காரன்:

வணக்கம். மயூர் விஹார் பேஸ் 3 வாசி, வேலை நொய்டாவில். ஆர்ச்சரிக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரிகர்வில் (சக்கரம் இல்லாத, நுனி வளைந்த வில்) ஆரம்பித்தேன், வலது தோள்பட்டை ஒத்துழைக்காததால் காம்பவுண்டுக்கு (முனைகளில் சக்கரமும் கேபிளும் வைத்த வில்) மாறிவிட்டேன். இதுவரை கோச்சின் வில்லை இரவல் வாங்கித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் யமுனா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் போய் எய்துகொண்டிருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், கனடாவில் செட்டில் ஆகிவிட்ட பெரியப்பா மகன் தன் பழைய வில்லை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெரியம்மா வீட்டு பீரோ மேல் பையோடு வருஷக்கணக்கில் கிடந்தது. மேத்யூஸ் கம்பெனி, ஒற்றை கேம் (நாண் சுற்றும் சக்கரம்), 2008 வாக்கில் வாங்கியது என்கிறார். ஒரு சக்கரத்தின் ஆக்ஸிலிலிருந்து (அச்சு) மறு ஆக்ஸில் வரை டேப் வைத்துப் பார்த்தேன், 38 அங்குலம். லிம்பில் (வளையும் கை) உள்ள ஸ்டிக்கரில் 60 பவுண்டு இழுவிசை, 29 அங்குல டிரா லென்த் (நாணை முழுக்க இழுக்கும் நீளம்) என்று இருக்கிறது. ரைசரில் (நடுவில் பிடிக்கும் பகுதி) இரண்டு கீறல், வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் ஸ்ட்ரிங் (நாண்) மோசம்: முழுக்கப் பொசுபொசுவென்று நூல் கிளம்பியிருக்கிறது, பீப்புக்குக் (நாணில் குறி பார்க்கும் துளை) கீழே செர்விங் (நாணின் மேல் சுற்றிய நூல்) விலகி உள்ளே இருக்கும் இழைகள் தெரிகின்றன. ரெஸ்ட் (அம்பு தாங்கி), சைட் (குறி பார்க்கும் கருவி) எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு.

ஸ்ட்ரிங், கேபிள், நல்ல ரெஸ்ட், சைட், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிற்கத் திருகும் தண்டு) எல்லாம் புதிதாகப் போட்டு இதையே ஓட்டலாமா, இல்லை அந்தக் காசைச் சேர்த்துப் புது வில்லே வாங்கிவிடலாமா? ரேஞ்சில் ஒருவர், புது வில் எல்லாம் விநாடிக்கு 330, 340 அடி வேகத்தில் அடிக்கிறது, இது 300-ஐத் தாண்டுவதே கஷ்டம், இதில் பணத்தைக் கொட்டாதே என்கிறார். கோச்சைக் கேட்டால் "தேக் லேங்கே" (பார்த்துக்கொள்ளலாம்) என்று சொல்லிச் சிரிக்கிறார், அவ்வளவுதான். எனக்கு ஆசை 50 மீட்டர் காம்பவுண்ட் ரவுண்டில் ஒழுங்காக ஸ்கோர் வர வேண்டும், முடிந்தால் மாநிலப் போட்டியில் நிற்க வேண்டும். கையில் ஒரு லட்சம் வரை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

ஆர்கேபுரம்_அம்பு:

முதலில் அந்த 340 அடிக் கதையை முடித்துவிடுவோம். வில்லோடு விளம்பரத்தில் போடும் ஐபிஓ வேகம் (வில் வேட்டைக்காரர் அமைப்பு ஒன்றின் அளவுகோல்) என்பது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல டிரா, 350 கிரெயின் எடையுள்ள அம்பு வைத்து எடுத்த எண். வேர்ல்ட் ஆர்ச்சரி (சர்வதேச வில்வித்தைச் சம்மேளனம்) விதிப்படி காம்பவுண்டுக்கு 60 பவுண்டுதான் உச்ச வரம்பு. டிரா லென்த் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 10 அடி வேகம் போய்விடும். ஆக, உங்கள் நண்பர் சொல்கிற எண் உங்கள் கையில் எந்த வில்லிலும் வரப்போவதில்லை. வந்தாலும் பயன் குறைவு. வேட்டைக்காரனுக்கு மான் 30 கஜத்தில் நிற்கிறதா 36-இல் நிற்கிறதா என்று தெரியாது, அவனுக்கு வேகம் வேண்டும். (நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கவலையே இல்லை.) நமக்கு 50 மீட்டர் என்றால் 50 மீட்டர்தான், பலகை எழுந்து நடக்கப்போவதில்லை. சைட்டில் குறி வைத்துவிட்டால் முடிந்தது.

80 சென்டிமீட்டர் தாளில் ஆறு வளையம், 72 அம்பு, மொத்தம் 720. இதில் ஸ்கோரைத் தீர்மானிப்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுத்து ஒரே மாதிரி விடுவதுதான். 2023-இல் பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் நம் ஓஜஸ் தேவ்தளே இறுதிப் போட்டியில் 15 அம்பில் 150 எடுத்தார். அவர் ஜெயித்தது ஒரே புள்ளியில், எதிராளி 149. அந்த உயரத்தில் கருவி பற்றிப் பேசலாம். நீங்களும் நானும் ஏழு வளையத்துக்கும் எட்டு வளையத்துக்கும் நடுவில் அல்லாடுகிறவர்கள்.

38 அங்குல வில் என்பது டார்கெட்டுக்கு மிக நல்ல நீளம். நீண்ட வில் கையில் அமைதியாக நிற்கும், சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஒற்றை கேமில் மேல், கீழ் கேம்களை ஒத்துப்போகச் செய்யும் டைமிங் தலைவலியும் கிடையாது. 'பழையது' என்றால் எது பழையது என்றும் பார்க்க வேண்டும். ஆலன் என்கிற மிசௌரிக்காரர் காம்பவுண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1969-இல். அந்தக் காலத்திலிருந்து 80-கள் வரை வந்தவற்றில் இரும்புக் கேபிள் இருக்கும், கண்ணீர்த்துளி மாதிரி ஒரு கொக்கியில் நாண் மாட்டியிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். உங்களுடையது அந்த ரகம் அல்ல.

என் கருத்து: நல்ல ஸ்ட்ரிங்-கேபிள் செட் போடுங்கள், இதையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் லிம்பைச் சோதிக்க வேண்டும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஞ்சு எடுத்து லிம்பின் ஓரம் முழுக்க, முக்கியமாக ஆக்ஸில் நுழையும் முனையிலும் ரைசரில் உட்காரும் பாக்கெட் பக்கமும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். விரலால் வேண்டாம், ஃபைபர் சிலாம்பு ஏறினால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். எங்காவது பஞ்சின் இழை மாட்டி நின்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது வரைக்கும் தயவுசெய்து வில்லை இழுத்துப் பார்க்காதீர்கள், அந்த ஸ்ட்ரிங்கோடு கண்டிப்பாகக் கூடாது. அம்பில்லாமல் இழுத்து விடுவது எந்த வில்லுக்கும் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும்.

கொசுவலை:

ஆர்கேபுரம் சார் சொல்வது அமெரிக்காவில் சரி. அங்கே தெருவுக்கு ஒரு வில் கடை, உள்ளே போனால் அரை மணி நேரத்தில் பிரஸ்ஸில் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) மாட்டி ஸ்ட்ரிங் மாற்றிக் கொடுத்துவிடுவான். இங்கே பிரஸ் யாரிடம் இருக்கிறது? ரேஞ்சில் ஒருவரிடம் இருக்கும், அவர் ஞாயிறு வருவார், அந்த ஞாயிறு நமக்கு யாராவது கல்யாணம் இருக்கும்.

நான் ஒரு பழைய வில்லுக்கு ஸ்ட்ரிங் செட் ஆர்டர் செய்தேன். கடையின் பெயர் வேண்டாம். கேபிள் ஒன்றரை அங்குலம் நீளமாக வந்தது. திருப்பி அனுப்பி, மறுபடி வந்து, சுங்கத்தில் நின்று, அதற்கான வரியைக் கட்டி, கடைசியில் மாட்டும்போது ஹோலி முடிந்து லூ காற்றே (கோடை அனல்) ஆரம்பித்துவிட்டது. அடுத்து, கேபிளை ஒதுக்கிப் பிடிக்கும் 'கேபிள் ஸ்லைடு' என்ற துண்டு பழுதானது. அதற்குப் பிறகு ஐட்லர் வீலில் (ஒற்றை கேம் வில்லின் மேல் சக்கரம்) பேரிங். ஒவ்வொன்றும் சின்னச் செலவுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்த காலத்தில் எய்யவே முடியவில்லை, அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

புது வில்லில் இன்னொரு லாபம், தோள்பட்டைக்காரர் என்பதால் சொல்கிறேன். பழைய டார்கெட் வில்களில் 65 சதவீத லெட்-ஆஃப் (முழு இழுப்பில் குறைந்துவிடும் பளு) சகஜம். 60 பவுண்டில் முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும்போது கையில் 21 பவுண்டு நிற்கும். 80 சதவீதம் என்றால் 12 தான். குறி பார்த்துக்கொண்டு ஐந்தாறு விநாடி நிற்கிறோமே, அங்கே இது தெரியும். புதிதாக வாங்குங்கள், நிம்மதியாக இருங்கள்.

ஆர்கேபுரம்_அம்பு:

கொசுவலை, லெட்-ஆஃப் கூடுவதெல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது. போட்டியில் நிற்கிற பலர் வேண்டுமென்றே குறைத்துத்தான் வைத்துக்கொள்கிறார்கள், கையில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் வில் அசையாமல் நிற்கிறது, அம்பை விடுவதும் சுத்தமாக வருகிறது என்பார்கள். தோள் வலிக்கு மருந்து உச்ச பவுண்டைக் குறைப்பது. லிம்ப் போல்ட் இரண்டையும் ஒரே அளவு தளர்த்தினால் 60 பவுண்டு வில் 50 பக்கம் வந்துவிடும், 50 மீட்டர் எய்ய அது தாராளம். 60 என்பது உச்ச வரம்பு, அந்த அளவைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி சொன்ன சுற்றுக்கு மேல் மட்டும் தளர்த்தக் கூடாது, லிம்ப் பாக்கெட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

அம்பறாத்தூணி:

இரண்டு பேரும் வேகம், லெட்-ஆஃப், பிரஸ் என்று போய்விட்டீர்கள். தம்பி, உங்கள் டிரா லென்த் என்ன? வில்லில் 29 என்று எழுதியிருக்கிறது, அது உங்கள் அண்ணனுடைய அளவு. உங்களுடையதை நீங்கள் சொல்லவே இல்லை.

இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, சுவரோடு ஒட்டி நின்று, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்கச் சொல்லுங்கள். அங்குலத்தில் வருவதை 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட உங்கள் டிரா லென்த். கை அளவு 72, 73 அங்குலம் இருக்கிற ஆளுக்குத்தான் 29 பொருந்தும், அதாவது ஆறடியைத் தொடுகிறவர். கோச் இரவல் கொடுக்கும் வில் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மற்றதைப் பிறகு பேசலாம்.

பேஸ்3_காரன்:

அக்கா, உடனே அளந்தாயிற்று. சமையலறைக் கதவுப் பக்கம் நிற்க வைத்து மனைவிதான் அளந்தாள், 67 அங்குலம். வகுத்தால் 26.8 வருகிறது. கோச்சிடம் கேட்டேன், அவர் வில் 27-இல் இருக்கிறதாம்.

பஞ்சுச் சோதனையும் செய்தேன். மேல் லிம்பிலும் கீழ் லிம்பிலும் எங்கும் மாட்டவில்லை. கீழ் லிம்பில் பாக்கெட் பக்கம் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது, டார்ச் அடித்துப் பார்த்தால் பெயின்ட்டில் இருக்கும் கீறல் மாதிரிதான் இருக்கிறது, பஞ்சு அங்கேயும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் இரண்டு அங்குலம் வித்தியாசம். டி-லூப்பைச் (நாணில் ரிலீஸ் கருவியை மாட்டும் கயிற்று வளையம்) சின்னதாக்கி, ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சரிசெய்ய முடியாதா?

அம்பறாத்தூணி:

முடியாது. ஸ்ட்ரிங், கேபிளை முறுக்கி அவிழ்ப்பதால் கிடைப்பது கால் அங்குலம், கூடிப்போனால் அரை. அதற்கு மேல் போனால் கேம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, பவுண்டும் மாறும், முழு இழுப்பில் சுவரில் இடித்தது போல நிற்க வேண்டிய வில் கொழகொழவென்று நிற்கும். டி-லூப்பைக் குட்டையாக்கினால் உங்கள் கை கொஞ்சம் முன்னால் வரும், நாண் இருக்கும் இடம் மாறாது, மூக்கைத் தாண்டிக் காது பக்கம் போய் நிற்கிற நாண் அங்கேதான் நிற்கும்.

இரண்டு அங்குலம் நீளமான வில்லில் எய்கிறவரை ரேஞ்சில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும், வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், முழங்கை பூட்டிக்கொண்டு நிற்கும், நாண் அந்தக் கையின் உள்பக்கத்தைத் தட்டிவிட்டுப் போகும். முழங்கைக்குக் கீழே கறுத்துப்போய் ஒரு பட்டை இருக்குமே, அதுதான். ஏற்கெனவே தோள் சரியில்லாத ஆள் நீங்கள். இந்த வில்லில் இப்போதைய அளவோடு ஒரு மாதம் எய்தால் பிசியோதெரபிஸ்டுக்குத்தான் அந்த ஒரு லட்சம் போகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்து மேத்யூஸ் ஒற்றை கேம் வில்கள் பலவற்றில் ஒரு கேமுக்கு ஒரே டிரா லென்த்தான். திருகாணியைக் கழற்றி நகர்த்துகிற மாட்யூல் கிடையாது. 27 வேண்டுமென்றால் 27-க்கான கேமையே தேடி வாங்கி, பிரஸ்ஸில் போட்டு மாற்ற வேண்டும், மாடலைப் பொறுத்து நாண், கேபிள் நீளமும் அதோடு சேர்ந்து மாறலாம். ஆக உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி 'பழசா புதுசா' என்பதே இல்லை, அந்தக் கேம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான். கிடைத்தால் ஆர்கேபுரம் சொல்வதே சரி, லிம்ப் நன்றாக இருக்கிற 38 அங்குல டார்கெட் வில்லை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் நல்ல ஸ்ட்ரிங்-கேபிள் செட் 100 முதல் 150 டாலருக்குள் வரும், புது டாப் மாடல் டார்கெட் வில் வெறும் வில்லே 1500 டாலருக்கு மேல், அதன் பிறகு அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் தனி. கேம் கிடைக்கவில்லை என்றால் இந்த வில்லுக்கு ஸ்ட்ரிங் கூட வாங்காதீர்கள். புது நாண் போட்ட 29 அங்குல வில்லும் உங்களுக்கு 29 அங்குல வில்தான்.

தேடும்போது ஊகித்துத் தேட வேண்டாம். ஸ்டிக்கரில் பவுண்டு, டிரா லென்த்தோடு நாண் நீளம், கேபிள் நீளமும் இருக்க வாய்ப்பு உண்டு. கேமின் மேலேயே பொறித்த எழுத்து இருக்கும், வில்லில் சீரியல் எண் இருக்கும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கொசுவலைக்கு வந்த கேபிள் நீளமாகப் போன கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அப்புறம் ஒன்று. சைட், ஸ்கோப் (சைட்டில் மாட்டும் லென்ஸ்), ரெஸ்ட், ஸ்டெபிலைசர், ரிலீஸ் (நாணை இழுத்து விடும் கைக் கருவி) இவையெல்லாம் வில்லோடு பிறந்தவை அல்ல. சைட் உட்காரும் இரண்டு துளை, ரெஸ்ட்டுக்கான துளை, ஸ்டெபிலைசர் திருகும் 5/16-24 மரை எல்லாம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். புது வில்களில் ரெஸ்ட்டுக்குத் தனித் தடம், சைட்டுக்குத் தனித் தண்டவாளம் என்று வந்திருக்கிறது, ஆனாலும் பழைய துளைகளை எடுத்துவிடவில்லை. அதனால் எந்த வில் என்று முடிவாகும் முன்பே இவற்றுக்குச் செலவு செய்யலாம், வீண் போகாது. நாண், கேபிள், கேம், லிம்ப் இந்த நான்குக்கும் செய்யும் செலவு அந்த வில்லோடு முடிந்துவிடும்.

ஜனக்புரி_அம்மா:

நான் எய்கிறவள் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு அலைகிறவள். எங்களுக்கு இந்த டிரா லென்த் பிரச்சினை வேறு மாதிரி, பெண் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். அதனால் டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ வாங்கினோம், 13 அங்குலத்திலிருந்து 31 வரை, 5 பவுண்டிலிருந்து 70 வரை மாற்றலாம். பியர் க்ரூஸரும் அதே ஜாதிதான். பிரஸ் இல்லாமல் ஆலன் கீ வைத்தே கோச் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் வில் குட்டை, ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் 31 அங்குலம்தான். 30 மீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை, 50-க்குப் போன பிறகு அம்புகள் விழும் குரூப் அகலமாகிறது, காற்று அடித்தால் இன்னும் மோசம். கோச் சொல்கிறார், உயரம் நின்ற பிறகு நீண்ட டார்கெட் வில்லுக்குப் போகலாம் என்று. இவருக்கு வளர்த்தி நின்றுவிட்டது அல்லவா, இந்த மாதிரி வில்லில் இவர் ஏன் காசைப் போட வேண்டும்?

இன்னொன்று, போட்டியில் தராசில் மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். எங்களோடு வந்த பையன் ஒருவன் 70 பவுண்டு வில்லை முழுக்கத் தளர்த்தி 60 என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தான், தராசில் 61-க்கு மேல் காட்டியது. பாவம், அழாத குறை. யாராவது பழைய வேட்டை வில்லைத் தள்ளிவிடப் பார்த்தால் ஸ்டிக்கரில் 70 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெல்லிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும்: மே, ஜூனில் வில்லைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு மதியம் டிக்கியில் இருந்ததற்கே நாண் நீண்டு பீப் திரும்பிக்கொண்டது, அம்பு முனைகள் இரண்டு பசை இளகிக் கையோடு வந்துவிட்டன.

கொசுவலை:

ஜனக்புரி அம்மா சொன்ன வெயிலோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் காலை ஏழு மணிக்கு யமுனை பக்கம் 50 மீட்டரில் பலகை இருக்கிறதா இல்லையா என்பதே நம்பிக்கை சார்ந்த விஷயம். அதோடு தடித்த ஜாக்கெட்டின் கையில் நாண் உரசும். அப்போது என்ன விலை வில்லாக இருந்தாலும் ஒன்றுதான்.

சரி, தம்பிக்கு நேராகச் சொல்கிறேன். அம்பறாத்தூணி அக்கா சொன்ன கேமைத் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு ஒரு கெடு வையுங்கள். அது வரை கிடைக்காவிட்டால் செகண்ட் ஹேண்ட் டார்கெட் வில் பாருங்கள், ஏழெட்டு வருஷத்துக்கு உட்பட்டது, மாட்யூல் வைத்து 27 வருவது. மேலே ஏறுகிற பசங்க புது மாடல் வந்தவுடன் மாறிவிடுகிறார்கள், அவர்களுடைய பழையது ரேஞ்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது என்று அறிவித்ததிலிருந்து எங்கள் ரேஞ்சில் காம்பவுண்டுக்குப் புதிதாக வருகிற கூட்டமும் கூடிவிட்டது, நல்லது வந்தால் அன்றைக்கே போய்விடுகிறது. காம்பவுண்ட் வீரர் அபிஷேக் வர்மா டெல்லிக்காரர் என்பதால் இங்கே ஆசைப்படுகிறவர்களுக்கும் குறைவில்லை. போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், பஞ்சோடு நேரில் போங்கள். ஆக்ஸில் வளைந்திருக்கிறதா, கேம் ஆடுகிறதா, கேமின் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கேயாவது நசுங்கியிருந்தால் அது பெரும்பாலும் அம்பில்லாமல் விட்ட வில்.

ஆர்கேபுரம்_அம்பு:

நான் இன்னும் அந்த மேத்யூஸ் பக்கம்தான். தம்பி, அண்ணன் கனடாவில் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இங்கிருந்து தேடுவதை விட அவர் அங்கே ஒரு டீலரிடம் சீரியல் எண்ணைக் கொடுத்துக் கேட்பது எவ்வளவோ சுலபம். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அங்கே பழைய ஸ்டாக் அலமாரியில் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய வில்லிலிருந்து கழற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேம் உள்ளங்கை அளவுதான், பெட்டியில் ஒரு ஓரத்தில் போட்டுக்கொண்டு வரலாம்.

ஸ்ட்ரிங் செய்யச் சொல்லும்போது 452எக்ஸ் அல்லது பிசிஒய்-எக்ஸ் நூலில் கேளுங்கள். இரண்டிலும் வெக்ட்ரான் கலந்திருக்கிறது, அது நூலை நீளவிடாமல் பிடித்துக்கொள்ளும், நம் வெயிலுக்கு அது முக்கியம். பழையதைக் கழற்றியவுடன் தூக்கி எறிய வேண்டாம், புதியது வந்ததும் பக்கத்தில் வைத்து நீளம் பார்க்க உதவும்.

பேஸ்3_காரன்:

அண்ணனிடம் பேசினேன். கேட்டதும் சிரித்துவிட்டார், "நீ என் தோளுக்குக் கூட வரமாட்டாய், அதை மறந்துவிட்டேனே" என்கிறார். அவர் வில் வாங்கிய கடையே இன்னும் இருக்கிறதாம், சீரியல் எண், கேமில் பொறித்த எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். டிசம்பரில் வருகிறார். கொசுவலை சொன்ன கெடு அதுதான், அவர் கையில் கேம் இருந்தால் இந்த வில், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்.

அது வரை கோச்சின் வில்தான். அவரிடம் அக்கா சொன்ன கணக்கைச் சொன்னபோது, "நான் சிரித்ததே அதற்குத்தான், அந்த வில்லை நீ தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்" என்றார். அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு ஒரு நல்ல சைட்டும், கட்டைவிரல் பொத்தான் வைத்த ரிலீஸும் வாங்கலாம் என்று இருக்கிறேன், இரண்டையும் கோச்சின் வில்லிலேயே பழகிக்கொள்ளலாம். அம்பும் ஒரு டஜன் இப்போதே வாங்கி வெட்டி வைத்துவிடட்டுமா? நீளம் எவ்வளவு வைப்பது?

அம்பறாத்தூணி:

சைட், ரிலீஸ் சரி. அம்பை இப்போது வெட்டாதீர்கள். ஸ்பைன் (அம்பின் விறைப்பு) என்பது பவுண்டு, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றையும் பார்த்து எடுப்பது, கேம் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளுகிறது என்பதும் அதில் சேரும். உங்களுக்கு இதில் ஒன்றுகூட இன்னும் முடிவாகவில்லை. நீளமாக இருந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், குட்டையாக வெட்டிவிட்டால் முழு இழுப்பில் அம்பு நுனி ரெஸ்ட்டை விட்டுப் பின்னால் விழும், அந்த நிலையில் நாணை விட்டால் கையில்தான் ஏறும். எடையும் பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது, 50 பவுண்டு வைத்தால் முனையோடு சேர்த்து 250 கிரெயின், அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டும் என்று அதைக் குறைத்தால் அது பாதி அம்பில்லாமல் நாணை விடுவது மாதிரிதான், லிம்ப் தாங்காது.

டிசம்பர் வரை கோச்சின் அம்பிலேயே எய்யுங்கள். அண்ணன் கிளம்பும் முன் கேம் கிடைத்துவிட்டால் ஸ்டிக்கர் போட்டோவை இங்கேயும் போடுங்கள், அந்தக் கேமுக்கு நாண் நீளம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மாறுவதாக இருந்தால் ஸ்ட்ரிங் செட்டையும் அவரே அங்கிருந்து வாங்கி வந்துவிடட்டும்.